ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்: அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனை இப்போதே செய்யலாமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நீளமான கடிதம், அதன் சாரம் இது:

அவருடைய அப்பாவுக்கு 59 வயது. விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இதயத்தின் இடது முன்பக்க ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள். இப்போது ஐப்பசி. ஆள் தேறிவிட்டார், எக்கோவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக வலது அடிவயிற்றில் குடலிறக்கம் இருக்கிறது. நின்றால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். சில நாட்களில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி. உள்ளூர் சர்ஜன் தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, "ரத்தம் மெலிதாக்கும் மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க, அதுக்குப் பதிலா வயித்துல ஊசி போட்டுக்கலாம்" என்றிருக்கிறார். இதய டாக்டரோ, "ஒரு வருஷத்துக்கு எதையும் தொடக்கூடாது" என்கிறார்.

அப்பா சர்ஜன் பக்கம். தை மாதம் இளைய மகளுக்குக் கல்யாணம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார். காப்பீட்டு அட்டையில் இந்த வருடத்துத் தொகை மிச்சம் இருக்கிறதாம், அதை வீணாக்கக் கூடாது. பெரிய மாமா பைபாஸ் முடிந்த ஐந்தாம் மாதமே குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகத்தான் நடமாடுகிறார். "அவருக்கு நெஞ்சையே பிளந்தாங்க, எனக்குக் கையில ஒரு ஊசிக்குத்துதானே" என்பது அப்பாவின் வாதம். மகளின் கேள்வி: "இரண்டு பேருமே படித்த டாக்டர்கள்தான். யார் சொல்வதைக் கேட்பது? ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, நடுவில் குடல் சிக்கிக்கொண்டால் அந்தப் பாவம் என்னைச் சேராதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதை எல்லாம் பிறகு படித்தாலும் சரி, இதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். தீபாவளிக்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்த டாக்டரோ, அவரோடு பேசிவிட்டு இன்னொரு டாக்டரோ எழுத்தில் சொல்லும்வரை ஒரு வேளை கூடத் தவறக் கூடாது.

நான் மயக்கவியல் மருத்துவர். "இவரை இன்றைக்கு மேஜையில் ஏற்றலாமா" என்ற கேள்வியை ஆபரேஷனுக்கு முன் கடைசியாகக் கேட்கிற ஆள் நான்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையைத் தாங்களாகவே பத்து நாள் நிறுத்திவிட்டு, "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன் டாக்டர்" என்று பெருமையோடு வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் காலை நேரங்களில் வரும் பயம் எனக்கு இன்னும் பழகவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதனால்தான்.

ஊசிக்குத்துதானே என்கிறாரே, அது ஏன் சரியில்லை

வெளியே தெரிவது ஊசிக்குத்துதான். உள்ளே இருப்பது மெல்லிய உலோக வலையால் ஆன ஒரு குழாய். அதன்மேல் ரத்தக்குழாயின் உள்சுவர்ப் படலம் மெல்ல வளர்ந்து போர்த்த வேண்டும். அதுவரை ரத்தத்தில் ஓடுகிற தட்டணுக்களுக்கு அது அந்நியப் பொருள். எப்போது வேண்டுமானாலும் அதன்மேல் ஒட்டிக் கட்டியாகலாம். ஸ்டென்ட் மீது பூசியிருக்கும் மருந்து, உள்ளே சதை அளவுக்கு மீறி வளர்ந்து மறுபடியும் அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதே மருந்து இந்தப் படலம் மூடுவதையும் தாமதமாக்குகிறது. இந்த இடைவெளியில் காவல் இருப்பவை ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகள்தான்.

ஆபரேஷன் என்றால், சின்னதோ பெரியதோ, கத்தி பட்டதும் உடம்பு ரத்தத்தை உறையவைக்கும் வேலையை முடுக்கிவிடும். காயம் ஆற அது தேவை. உறையும் தன்மை கூடியிருக்கிற அதே நாட்களில் இரண்டு மாத்திரையும் இல்லையென்றால், ஸ்டென்ட் சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு ஸ்டென்ட் இருப்பது இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிற குழாயில். அது அடைத்தால் வருவது இன்னொரு பெரிய மாரடைப்பு. அப்புறம் இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் மாரடைப்பில் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். காயத்துக்குக் கொடுக்கும் வலிமருந்து அதையும் மறைத்துவிடும்.

எக்கோ நன்றாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் எக்கோ காட்டுவது இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி விரிகிறது என்பதை. ஸ்டென்ட் மேல் படலம் மூடிவிட்டதா என்பது அதில் தெரியாது. "எக்கோ நார்மல், ஆபரேஷனுக்கு ஃபிட்" என்று இரண்டையும் முடிச்சுப்போடுவதில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

பதிலுக்கு வயிற்றில் போடும் ஊசி? அது ஹெபாரின் வகை. ரத்தம் உறைவதில் அது தடுப்பது வேறொரு கட்டத்தை. தட்டணுக்கள் ஒட்டுவதை அது நிறுத்தாது. அதனால் ஸ்டென்டுக்கு அது மாற்றுக் காவல் ஆகாது. உலோக வால்வு வைத்து அசிட்ரோம், வார்ஃபரின் என்ற வேறு வகை ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அந்த மாத்திரையை நிறுத்தும் நாட்களில் பல சமயம் இந்த ஊசியைப் போடுவது உண்டு. அந்தப் பழக்கம் ஸ்டென்ட் நோயாளிகளுக்கும் தவறாகத் தாவிவிடுகிறது.

மாமா வேறு, அப்பா வேறு

பைபாஸில் நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்தோ மார்புச் சுவரிலிருந்தோ எடுத்த சொந்த ரத்தக்குழாயை ஒட்டுகிறார்கள். அங்கே உலோக வலை இல்லை. காத்திருப்பது பெரும்பாலும் நெஞ்செலும்பு ஒட்டவும், உடம்பு பலம் பெறவும். எலும்பு ஒட்ட சுமார் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சில மாதங்கள் கழித்து, வலி, மூச்சிரைப்பு இல்லாமல் நடமாடுகிற பைபாஸ் நோயாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்வது பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். பெரிய காயம் பட்டவருக்குக் காத்திருப்பு குறைவு, தழும்பே இல்லாதவருக்கு அதிகம் என்பது முரணாகத்தான் தெரியும். அப்பா குழம்பியதில் தப்பே இல்லை.

ஸ்டென்டுக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் கணக்கு இது. 2024-ல் வந்த அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதலைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மாரடைப்போடு வந்து மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர், அவசரமில்லாத ஆபரேஷனுக்கு 12 மாதம் காத்திருப்பது நல்லது. மாரடைப்பு இல்லாமல், நடந்தால் வரும் நெஞ்சுவலிக்காக வைத்தவருக்கு 6 மாதம். புற்றுநோய் போல ரொம்ப நாள் தள்ள முடியாத ஆபரேஷன் என்றால், 3 மாதம் கடந்தபின் இரண்டு பக்க ஆபத்தையும் எடைபோட்டுச் செய்யலாம். முதல் 30 நாளில், உயிருக்கு அவசரம் என்றால் தவிர, இரண்டு மாத்திரைகளையும் விட்டுச் செய்யும் ஆபரேஷன் கூடவே கூடாது.

அப்பா வந்தது மாரடைப்போடு. அவருடைய குடலிறக்கம் தள்ளிப்போடக்கூடியது. ஆகவே இதய டாக்டர் சொன்ன ஒரு வருடம் மிகைப்படுத்தல் இல்லை.

அப்படியென்றால் சர்ஜன் தவறானவரா? உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "ஹார்ட்ல சின்னதா ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கு என்று மட்டும் அப்பா சொன்னார்." எப்போது, எதற்காக, எந்த வகை என்று சர்ஜனுக்குத் தெரியவே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட் என்று அவர் நினைத்திருக்கலாம். இரண்டு டாக்டர்களும் ஒரே மனிதரைப் பற்றிய வெவ்வேறு தகவலை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது, எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

குடல் சிக்கிக்கொள்ளும் என்ற பயம்

இது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற பயம் என்று புரிகிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வட அமெரிக்காவில், தொந்தரவு குறைவான குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், மற்றவர்கள் கவனித்துக்கொண்டே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் திடீரெனக் குடல் சிக்கியது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. பத்து வருடம் பின்தொடர்ந்தபோது அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் வலி கூடியதால்தான் வந்தார்கள்.

அந்த ஆண்களைவிட அப்பாவுக்கு வலி கொஞ்சம் அதிகம், அதனால் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் படுத்தால் தானாக உள்ளே போகிற வீக்கம் என்பது நல்ல அடையாளம். அவருக்கு ஆபரேஷன் தேவைதான், என்றைக்கு என்பதை நாம் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியில் இருந்த "பாவம்" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தெரிந்துகொண்டு, கவனித்துக்கொண்டு காத்திருப்பதும் சிகிச்சைதான்.

காத்திருக்கும் மாதங்களில் கவனிக்க வேண்டியவை

தறிக்கூடத்தில் நூல் சுற்றிய பீம் தூக்கும் வேலையை அப்பா இப்போதைக்கு விட்டுவிட வேண்டும். இதயத்துக்கும் அது நல்லதல்ல, குடலிறக்கத்துக்கும் நல்லதல்ல. முதலாளியிடம் சொல்லி, உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டுப்பாருங்கள். கல்யாண வீட்டில் அரிசி மூட்டையும் சிலிண்டரும் அவர் தூக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியை நியமித்துவிடுங்கள். மகள் கல்யாணத்தில் சும்மா இருக்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது.

மலச்சிக்கல், விடாத இருமல், சிறுநீர் கழிக்க முக்குவது ஆகிய மூன்றும் வீக்கத்தை வெளியே தள்ளும். இந்த வயதில் புராஸ்டேட் வீக்கம் சகஜம். இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறார், முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு மாத்திரை இருக்கிறது. பீடிப் பழக்கம் மிச்சம் இருந்தால் இதைவிட நல்ல தருணம் வராது. குடலிறக்க பெல்ட் போடலாம், ஆனால் படுத்து, வீக்கம் முழுவதும் உள்ளே போன பிறகுதான் கட்ட வேண்டும். வெளியே நிற்கும் வீக்கத்தின்மேல் இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

வீக்கம் கல் போல இறுகி, படுத்தும் உள்ளே போகாமல், வலி விடாமல் கூடி, வாந்தி வந்து, வாயு பிரியாமல் நின்றுவிட்டால் அது அவசரம். நடு இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ஸ்டென்ட் நான்கு மாதமா நாற்பது நாளா என்று பார்க்க முடியாது. மாத்திரை சாப்பிட்டிருப்பதால் ரத்தம் கொஞ்சம் அதிகம் போகும், அதைச் சமாளிக்க எங்களுக்கு வழிகள் உண்டு. கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நேரத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

நடுவில் வலி தாங்க முடியாமல் போனால்

அவசரமில்லை, ஆனால் தினமும் வலி, நடக்க முடியவில்லை என்ற நிலை வரலாம். அப்போது ஒரு வருடம் என்ற எல்லையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தவிக்கவிட வேண்டாம். மார்கழியில் ஆறு மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு, எந்த மாத்திரையை எத்தனை நாள் விடலாம் என்று இதய டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அவர் சம்மதிப்பார். அப்படிச் செய்வதானால் இரவும் பகலும் ஆஞ்சியோ செய்யக்கூடிய கேத் லேப் உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். ஸ்டென்ட் அடைத்தால் உடனே திறக்க வசதி வேண்டுமே. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் அது இருக்காது.

ஆனி கடந்து ஆபரேஷன் செய்யும்போது

பெரும்பாலும் அப்பா விஷயம் இங்கேதான் வந்து நிற்கும். அன்றைக்கும் எல்லா மாத்திரையையும் நிறுத்துவது கிடையாது. ஆஸ்பிரின் தொடர வேண்டும். அதற்குள் க்ளோபிடோக்ரெல்லை இதய டாக்டரே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை என்றால் ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னால் விட்டு, முடிந்த ஓரிரு நாளில் மறுபடி தொடங்குவது வழக்கம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். அப்பா சாப்பிடுவது ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கான மாத்திரை மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் இருக்கிற கூட்டு மருந்து. "க்ளோபிடோக்ரெல்லை நிறுத்துங்க" என்று சொன்னதும் அந்தக் கேப்ஸ்யூலையே நிறுத்திவிட்டால் மூன்றும் போய்விடும். அந்த ஐந்து நாளுக்கு ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதை நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

சீட்டில் உள்ள மெட்டோப்ரோலாலை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் சாப்பிட வேண்டும், திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பு தறிகெட்டுப்போகும். சர்க்கரைக்கான டாபாக்ளிஃப்ளோசினை மட்டும் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம், பட்டினி இருக்கும்போது அது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடலாம்.

எப்படிச் செய்வது என்றால், வெட்டித் திறந்து வலை வைத்துத் தைக்கும் பழைய முறையை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் முழு மயக்கம் வேண்டும், வயிற்றுக்குள் காற்றும் நிரப்ப வேண்டும், இரண்டுமே இதயத்துக்குக் கூடுதல் சுமை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதானால் க்ளோபிடோக்ரெல் ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அப்பாவுக்கு நானாக இருந்தால் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காப்பீடு, ஆவணங்கள், அப்பாவின் சம்மதம்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இந்த ஆண்டு செலவழிக்காதது வீண் என்று எண்ண வேண்டாம், அடுத்த ஆண்டுக்கு அந்த ஆண்டின் கணக்கு தனி. அட்டை செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடலிறக்க ஆபரேஷன் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதுதான்.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ அறிக்கை, ஸ்டென்ட் அட்டை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அவற்றோடு சர்ஜனிடம் போய், "இதய டாக்டரோடு ஒருதடவை பேசிட்டு சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஸ்டென்ட் வைத்த தேதியைப் பார்த்ததும் அவரே தேதியை மாற்றுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடிவு அப்பாவுடையது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். அவருக்குத் தெரியாமல் நீங்களே போனில் தேதியை ரத்து செய்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள். கண் புரைக்கு வேண்டுமானால் இப்போதே செய்துகொள்ளலாம் என்று அவருக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லுங்கள். வலது கண் மங்கல் என்று எழுதியிருந்தீர்களே. சொட்டு மருந்தில் மரக்கவைத்துச் செய்யும் அந்தச் சிறிய ஆபரேஷனுக்குப் பொதுவாக இந்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை. அப்போதும் கண் டாக்டரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிவிடுங்கள். தை மாதம் மகளைத் தெளிவாகப் பார்க்கலாமே.

கடைசியாக, ஒரு சின்னத் தாளில் ஸ்டென்ட் வைத்த தேதி, எந்தக் குழாயில், மாத்திரைகளின் பெயர், இதய டாக்டரின் தொலைபேசி எண் நான்கையும் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். இன்னொரு பிரதி உங்கள் போனில் இருக்கட்டும்.